மும்பை டைரி: ஒரு நடவுப் பாட்டோட பட்டா

நாள் 1, ரயில்ல

குண்டக்கல் தாண்டியாச்சு, சார்ஜ் பாயிண்ட் இப்பதான் காலியாச்சு, அதான் எழுத உட்கார்ந்தேன். மன்னார்குடில மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி எக்மோர் வந்து, அங்க பிரெண்டு ரூம்ல குளிச்சுட்டு மும்பை ரயில் பிடிச்சேன். கிடாரை மேல் பெர்த்துல படுக்க வச்சுட்டு நான் பாதி உடம்ப மடக்கிட்டு வரேன்.

மும்பைல ஆல் அபவுட் மியூசிக்னு ஒரு கான்ஃபரன்ஸ் இருக்கு, 2017ல ஆரம்பிச்சது, லேபிள்காரங்க, ஸ்ட்ரீமிங் ஆப்ல வேலை பாக்குறவங்க, காபிரைட் வக்கீலுங்க, திருவிழாவுக்கு பேண்ட் புக் பண்றவங்க எல்லாரும் ஒரே இடத்துல வருவாங்க. எங்கள மாதிரி சினிமாவுக்கு வெளில பாட்டு போடுறவங்களுக்கு இவங்கள்ல ஒருத்தரோட பத்து நிமிஷம் பேசணும்னாகூட மாசக்கணக்குல மெயில் போட்டு காத்திருக்கணும். அதனால இந்த வருஷம் எப்படியாவது போயிடணும்னு ரெண்டு கல்யாண ஆர்கெஸ்ட்ரா காசை அப்படியே எடுத்து வச்சு பாஸ் வாங்கினேன்.

கையில கொண்டு போறது ஒரே ஒரு பாட்டுதான். நாலு வருஷத்துல பதினோரு பாட்டு ரிலீஸ் பண்ணிருக்கேன், ஆனா நம்பி காட்டணும்னா அதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி புரட்டாசில எங்க அத்தை (அப்பாவோட அக்கா) நடவுல பாடுனத வரப்புல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணது. ரெக்கார்டருக்கு காத்து மறைக்கிற பஞ்சு இல்ல, என் பழைய சாக்ஸை மாட்டி வச்சேன். அத்தை ஒரு அடி பாடும், பின்னாடி பொம்பளைங்க வாங்கிப் பாடுவாங்க, ஒவ்வொரு அடி முடியுறப்பவும் நாத்து சேத்துல இறங்குற சத்தம் ஒண்ணு வரும் பாருங்க, சளக்குன்னு, அதுதான் அந்தப் பாட்டுக்கு தாளம். நான் அதுக்கு மேல கிடாரும் ஒரு பேஸும் வச்சேன், நடுவுல நாலு வரி நானா எழுதி சேத்தேன், அவ்வளவுதான். ஆரம்பத்துல நாப்பது செகண்டு வெறும் காத்தும் தண்ணியும் நாத்து சத்தமும் மட்டும்தான் வரும்.

நாள் 2, வந்து சேர்ந்தாச்சு

லோனாவாலால சிக்கி வித்தாங்க, ரெண்டு பாக்கெட் வாங்கினேன். அங்கிருந்து மலை இறக்கம், சுரங்கத்துக்குள்ள போறதும் வெளில வர்றதுமா, வெளில வர்றப்ப எல்லாம் மழைத் தண்ணி பாறை மேல வெள்ளையா ஒழுகுது. டெல்டாக்காரனுக்கு இவ்வளவு தண்ணி கேக்காமலே கொட்டுறத பாத்தா நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடும்.

எல்டிடில (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) இறங்கி ஆட்டோ. சயான் வரைக்கும்தான் ஆட்டோ, அதுக்கு அந்தப் பக்கம் டாக்ஸிதான் போகும், மும்பைல அப்படித்தான் ரூல். தங்குறது தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப்ல, என் டிரம்மரோட சித்தப்பா வீடு. அவர் இட்லி வியாபாரம். அந்தத் தெருவுல நிறைய பேருக்கு அதான் தொழில், விடியக்காலைல அவிச்சு அலுமினிய பாத்திரத்துல அடுக்கி சட்னி சாம்பாரோட சைக்கிள்ல கட்டி ஊரெல்லாம் போயிடுவாங்க.

"தம்பி மூணு மணிக்கு சத்தம் வரும், பயந்துறாத"ன்னு சித்தப்பா சொல்லிட்டுத்தான் படுத்தார்.

நாள் 3, கான்ஃபரன்ஸ் முதல் நாள்

மூணு மணிக்கு சத்தம் வந்துச்சு. நாலு வீட்டு அடுப்பு ஒண்ணா பத்துற சத்தம், இட்லித் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுற சத்தம், அஞ்சரைக்கு மேல அந்த ரப்பர் ஹார்ன், பாம் பாம்னு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு சுதி. அப்படியே எந்திரிச்சு வாசல்ல நின்னு பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணேன். சித்தப்பா ஹார்ன் கிட்டத்தட்ட ஜி ஷார்ப், அதுல பாதி சுதி தள்ளி பக்கத்து வீட்டுக்காரர்.

மாஹிம்ல லோக்கல் பிடிச்சு போனேன். கிடார் வச்சுக்கிட்டு பீக் அவர்ல ஏற முடியாதுன்னு சித்தப்பா முன்னாடியே சொல்லிட்டதால கிடாரை வீட்டுலயே விட்டுட்டேன், ஹெட்போனும் போனும் மட்டும்.

பேட்ஜ் வாங்குற இடத்துலயே முதல் அடி. என் பேர்ல ஒரு த வருது. அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல டி மட்டும் போட்டு தேடுது, இல்ல. டி-ஹெச் போட்டா இருக்கு. சரின்னு வாங்கிட்டு வந்தேன். ஆனா அப்புறம் ஒரு ஓரமா உட்கார்ந்து ஸ்ட்ரீமிங் ஆப்ல என் பேர தேடிப் பாத்தேன், நாலு வருஷமா நான் தேடியே பாக்காத விஷயம், ஏன்னா என் லிங்க் என் போன்ல இருக்கு. மூணு ப்ரொஃபைல்! டி போட்டு ஒண்ணு, டி-ஹெச் போட்டு ஒண்ணு, கூட்டா பண்ண ஒரு பாட்டுல கடைசி எழுத்து ரெட்டிப்பா விழுந்து ஒண்ணு. என் பாட்டெல்லாம் மூணு ஆளுக்கு பிரிஞ்சு கிடக்கு. தமிழ்ப் பேர் வச்சிருக்கிற எல்லாரும் இன்னிக்கே தேடிப் பாருங்க. ஒரே ஸ்பெல்லிங்க முடிவு பண்ணி எழுதி செவுத்துல ஒட்டுங்க, கூட பாடுறவங்களுக்கும் அனுப்புங்க. மூணையும் சேத்து வைக்கச் சொல்லி டிஸ்ட்ரிப்யூட்டருக்கு, அதான் நம்ம பாட்ட ஆப்ல ஏத்தி விடுற கம்பெனிக்கு, டிக்கெட் (புகார்) போடலாம், நான் போட்டுட்டேன்.

ஸ்பாடிஃபைல 2024ல இருந்து ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டலைன்னா அதுக்கு காசே கிடையாது. சின்ன ஆளுங்களுக்கு ஆயிரம் சும்மா வராது, அதுலயும் கேக்க வர்ற கூட்டம் மூணு ப்ரொஃபைலா சிதறிப்போனா எப்படி தாண்டும்? இத நினைச்சு காலைல ஒரு செஷன் முழுசும் என் காதுலயே விழல.

மத்தியானம் பப்ளிஷிங், அதாவது வரி மெட்டோட உரிமை பத்தின செஷன், இன்னிக்கு வந்ததுக்கு இது ஒண்ணே போதும். நான் இத்தனை வருஷம் தப்பா புரிஞ்சு வச்சிருந்தத இப்ப நம்ம ஊரு கணக்குல சொல்றேன். ஒரு பாட்டுனா அது ரெண்டு சொத்து. ஒண்ணு நிலம், அதாவது வரியும் மெட்டும். இன்னொண்ணு அதுல விளைஞ்ச நெல்லு, அதாவது ரெக்கார்டிங். ஒரே நிலத்துல எத்தனை போகம் வேணாலும் எடுக்கலாம், ஒரே பாட்ட எத்தனை பேர் வேணாலும் ரெக்கார்ட் பண்ணலாம். டிஸ்ட்ரிப்யூட்டர் மூலமா நமக்கு வர்ற காசு நெல்லுக்கு உண்டானது மட்டும். நிலத்துக்கு உண்டான காசு தனியா ஓடுது, அத வசூல் பண்ண இங்க ஐபிஆர்எஸ்னு ஒரு சங்கம் இருக்கு, 1969ல இருந்து. அதுல மெம்பராகி பாட்டை பதிவு பண்ணலைன்னா அந்தக் காசு நம்மள தேடி வராது. ரெக்கார்டிங்குக்கு ஐஎஸ்ஆர்சின்னு எழுத்தும் எண்ணும் கலந்த பன்னெண்டு இலக்க கோடு, பாட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசின்னு டி-ல ஆரம்பிக்கிற நம்பர். ரெண்டும் சர்வே நம்பர் மாதிரி. மெட்டாடேட்டா மெட்டாடேட்டான்னு இவங்க சொல்றது வேற ஒண்ணும் இல்ல, பாட்டோட பட்டா சிட்டா. அதுல யார் பேரு இருக்கோ அவங்களுக்குத்தான் போகும்.

2012 காபிரைட் சட்டத் திருத்தம் பத்தி ஒருத்தர் விளக்கமா சொன்னார். அதுக்கு முன்னாடி பாட்டு எழுதுறவங்களும் மெட்டு போடுறவங்களும் ஒரு தடவை கையெழுத்து போட்டு குடுத்துட்டா முடிஞ்சுது. திருத்தத்துக்கு அப்புறம் அவங்களோட ராயல்டி பங்க எழுதி வாங்கிக்க முடியாது. இந்திப் பாட்டு எழுதுற ஜாவேத் அக்தர் ராஜ்யசபால உட்கார்ந்து அதுக்காக எவ்வளவு போராடினார்னு பேசினவர் சொல்றப்ப ஹால்ல கைதட்டல். நானும் தட்டினேன். பாட்டு செஞ்சவன் பேரு அழியக்கூடாதுங்கறதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கிடையாது.

நாள் 4, இந்த நாளத்தான் எழுதணும்

ராத்திரி மழை, லோக்கல் மெதுவா போச்சு, இருபது நிமிஷம் லேட்.

இன்னிக்கு ஒண்ணுக்கு ஒண்ணு பேசுற செஷன். பத்து நிமிஷம் குடுப்பாங்க, எதிர்ல பல வருஷம் இந்த துறைல இருக்கிற ஒருத்தர். எனக்கு கிடைச்சது ஒரு மேடம், வயசு அம்பது இருக்கும், பப்ளிஷிங்ல இருக்காங்க. பாட்டை போட்டுக் குடுத்தேன். நாப்பது செகண்டு காத்தும் நாத்தும் ஓடுறப்ப எனக்கு உள்ளுக்குள்ள பதறுது, ஏன்னா முந்தின நாள்தான் ஒரு செஷன்ல முப்பது செகண்டு கேட்டாத்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு, அதனால குரல சீக்கிரம் கொண்டு வாங்கன்னு சொல்லிருந்தாங்க. அவங்க நகரல. கண்ண மூடி கேட்டாங்க. அத்தை குரல் வந்ததும் ஹெட்போன ரெண்டு கையாலயும் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. முழுப் பாட்டும் கேட்டாங்க, நாலு நிமிஷம் இருபது செகண்டு, பத்துல நாலு போயாச்சு.

அப்புறம் கேட்டாங்க, "இது யார் பாடுறது?"

"எங்க அத்தை."

"பேரு எங்க?"

போன்ல என் ரிலீஸ் பக்கத்த திறந்து வச்சிருந்தாங்க. ஆர்டிஸ்ட், என் பேரு. இசை, என் பேரு. வரிகள், என் பேரு. கிரெடிட்ஸ்ல டிரம்மர் பேரு இருக்கு, மிக்ஸிங் பண்ண தம்பி பேரு இருக்கு. அத்தை பேரு இல்ல. வீடியோவுக்கு கீழ "நன்றி: அத்தை"ன்னு போட்டிருக்கேன், அவ்வளவுதான்.

"வரிகள் நீங்க எழுதினதா?"

நாலு வரி நான் எழுதினேன்னு சொன்னேன். மீதி? மீதி நடவுப் பாட்டு, எங்க ஊருல எல்லாரும் பாடுறது, யார் எழுதினாங்கன்னு தெரியாது. அப்படின்னா அத அப்படித்தான போடணும், பாரம்பரியப் பாட்டு, கூடுதல் வரிகளும் அரேஞ்ச்மெண்டும் உங்களதுன்னு. அவங்க கோவமா சொல்லல, ஒரு டீச்சர் கணக்கு திருத்துற மாதிரி சாதாரணமா சொன்னாங்க. ஆனா எனக்கு காது சூடாயிடுச்சு. ஃபார்ம்ல அந்த கட்டம் காலியா விட முடியல, என் பேர போட்டேன், வேற எதுவும் நினைக்கல, இதான் உண்மை. ஆனா முந்தின நாள் கைதட்டுன அதே கைதான் அந்த கட்டத்தையும் நிரப்பிருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம் சொன்னாங்க, எல்லாருக்கும் உபயோகப்படும். பழைய மெட்டு யாருக்கும் சொந்தம் இல்லைன்னாலும் அத பாடுற குரல் பாடுனவங்களுக்கு சொந்தம். பாடுறவங்களுக்கு, வாசிக்கிறவங்களுக்கு சட்டத்துல தனி உரிமை இருக்கு, அம்பது வருஷம் நிக்கும், வியாபாரமா ஓடுனா ராயல்டிலயும் பங்கு. பாடகர்களுக்காக 2013ல இஸ்ரான்னு சங்கமே ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டாவது, இதையெல்லாம் பாட்டு வெளில வர்றதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டுறணும், ஸ்ப்ளிட் ஷீட்னு சொல்றாங்க. யார் யாரு, என்ன பண்ணாங்க, எவ்வளவு பங்கு. ஒரு பக்கம்தான்.

நேரம் முடிஞ்சுருச்சு. எழுந்திரிக்கிறப்ப "அந்த ஆரம்பத்த வெட்டிராதீங்க"ன்னாங்க. வெட்ட மாட்டேன். முப்பது செகண்டு கணக்கு எனக்கும் புரியுது, ஆனா அந்த சளக் சத்தத்த கேக்காம அத்தை குரலுக்குள்ள போனா அது வேற பாட்டு.

சாப்பாட்டு டேபிள்ல அஸ்ஸாம் பொண்ணு ஒண்ணு பக்கத்துல உட்கார்ந்துச்சு, தேயிலைத் தோட்டத்துல பாடுற ஜுமூர் பாட்ட ரெக்கார்ட் பண்ணி வெளியிடுதாம். நான் நடந்தத சொன்னேன், உடைஞ்ச இங்கிலீஷ்லதான். அது பேசாம பையத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துச்சு, உள்ள மடிச்ச தாளுங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள், பாடுனவங்க பேரு, மாதல் மேளம் வாசிச்சவர் பேரு, எதிர்ல சதவீதம், பேருக்கு நேரா ஊதா மைல பெருவிரல் ரேகை. ஒரு ரேகை பாதி கலைஞ்சிருந்துச்சு. இலை பறிச்சுப் பறிச்சு அந்த அம்மாவுக்கு விரல்ல கோடே தேஞ்சு போச்சாம்.

எங்க அத்தை விரலும் அப்படித்தான் இருக்கும். நான் பாத்ததே இல்ல.

சாயங்கால செஷன்ல ப்ளேலிஸ்ட் பத்தி பேசினாங்க, அதுல ஒண்ணு எழுதியே ஆகணும். போன வருஷம் ஒருத்தர் எட்டாயிரம் வாங்கிட்டு என் வேற ஒரு பாட்ட ப்ளேலிஸ்ட்ல ஏத்தி விடுறேன்னார். நான் குடுத்தேன். ஒரே வாரத்துல ஸ்ட்ரீம் மேல போச்சு, எல்லாம் நான் பேரே கேள்விப்படாத ஊருங்க, அடுத்த மாசம் போலி ஸ்ட்ரீம்னு சொல்லி டிஸ்ட்ரிப்யூட்டர் அந்தப் பாட்டையே தூக்கிட்டாங்க. அந்த ஆள் போன எடுக்கல. காசு குடுத்தா ஸ்ட்ரீம் வரும்னு யார் சொன்னாலும் குடுக்காதீங்க, போறது காசு மட்டும் இல்ல, பாட்டும் போயிடும்.

நாள் 5, கடைசி நாள்

சுருக்கமா எழுதுறேன், கால் வலிக்குது. லைவ் ஷோ பத்தின செஷன் நல்லா இருந்துச்சு: புக் பண்றவங்களுக்கு ஒரு பக்கத்துல எல்லாம் இருக்கணும், ரெண்டு நல்ல போட்டோ, ஒரு லைவ் வீடியோ, மேடைல யார் எங்க நிப்பாங்க எத்தனை மைக் வேணும்னு ஒரு படம். ஸ்டூடியோ வீடியோவ அனுப்பாதீங்க, நாலு பேர் முன்னாடி வாசிச்சது அனுப்புங்கன்னாங்க. பதினாலு விசிட்டிங் கார்டு சேர்ந்திருக்கு. அதுல ஒருத்தர் ஜனவரில ஒரு நாட்டுப்புற இசை மேடைக்கு ஆள் தேடுறேன், அத்தை வருவாங்களான்னு கேட்டார். என்னைய கேக்கல, அத்தையத்தான் கேட்டார். அது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

திரும்பி வர்றப்ப சயான் பக்கம் கணபதி திருவிழாவுக்கு டோல் தாஷா மேளம் ப்ராக்டிஸ். முப்பது பேர் இருப்பாங்க, பாதி பேர் காலேஜ் பொண்ணுங்க, இடுப்புல டோல கட்டிக்கிட்டு மழைல நனைஞ்சுக்கிட்டே அடிக்கிறாங்க. டோல் தோல் நனையாம பிளாஸ்டிக் கவர் போட்டு, அந்த கவர் மேலயே அடி விழுது. அரை மணி நேரம் நின்னேன்.

நாள் 6, மாட்டுங்கா

ராத்திரிதான் ரயில். காலைல தோபி தலாவ் போய் ஃபர்டாடோஸ்ல கிடார் கம்பி ரெண்டு செட் வாங்கினேன், 1865ல இருந்து இருக்கிற கடை, பியானோவ எல்லாம் பாத்துட்டு வந்தேன். மத்தியானம் கிங்ஸ் சர்க்கிள். கஃபே மெட்ராஸ்ல க்யூல நின்னு ரசம் வடை சாப்பிட்டு, சண்முகானந்தா ஹால் வாசல் வரைக்கும் நடந்து போய் நின்னு பாத்தேன். ரெண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல உட்காரலாம். நம்ம ஆளுங்க இவ்வளவு தூரம் வந்து பாட்டு கேக்குறதுக்குன்னு 1952ல ஒரு சபா ஆரம்பிச்சு இவ்வளவு பெரிய ஹால் கட்டிருக்காங்க. அந்த மேடைல எங்க நடவுக் கொத்து நிக்கிற மாதிரி மனசுக்குள்ள ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். வரிசையா, குனிஞ்சு இல்ல, நிமிர்ந்து.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடைங்க இருக்கிற தெரு. வாழை இலை, மல்லி, மாவிலை, எல்லாம் தமிழ் குரல்தான். ஒரு கடை ஓரமா நின்னு அத்தைக்கு போன் போட்டேன்.

"அத்தை, அந்தப் பாட்டுல உன் பேர போடணும்."

"என் பேரு எதுக்குடா, நீதான வேலையெல்லாம் பாத்த."

"இல்ல அத்தை, போடணும். பாடுனது நீ. காசு வந்தா உனக்கும் பங்கு இருக்கு, எழுதி கையெழுத்து போடணும். இத முன்னாடியே நான் பண்ணிருக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. பின்னாடி மாடு கத்துது. அப்புறம் கேட்டுச்சு, "எந்தப் பேரு? ஊருல கூப்புடுறதா, ஆதார்ல இருக்கறதா?"

எனக்கு அத்தையோட ஆதார் பேரு தெரியாது. முப்பத்தோரு வயசாகுது எனக்கு, அது தூக்கி வளத்தவன் நான். அது ஒவ்வொரு எழுத்தா சொல்ல, கான்ஃபரன்ஸ் பேட்ஜ திருப்பிப் போட்டு பின்பக்கம் எழுதினேன். அதுலயும் ஒரு த வருது, டி-ஹெச்சா டியான்னு ஆதார பாத்து சொல்லச் சொன்னேன், "பேரப்புள்ள பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், படிக்கச் சொல்லி சொல்றேன்"னுச்சு.

"நான் மட்டுமா பாடுனேன்? வாங்கிப் பாடுன புள்ளைங்க? அதுங்க பேரு?"

அத நான் யோசிக்கவே இல்ல. மேடமும் கேக்கல, அஸ்ஸாம் பொண்ணும் கேக்கல. வாங்கிப் பாடுனவங்க அஞ்சு பேரு. நாத்த சேத்துல வச்ச கையும் அவங்களதுதான், அந்த சளக் சத்தமும். அத்தை ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே வந்துச்சு, மேலத்தெரு, கீழத்தெரு, இன்னார் மருமக, இன்னார் வீட்டுக்குப் பக்கத்துல. நான் "பேரு சொல்லு அத்தை, அடையாளம் வேணாம்"னேன். பூக்காரம்மா என்னையவே பாத்துக்கிட்டு சரம் தொடுத்துக்கிட்டு இருந்தாங்க. நாலு பேரு வந்துருச்சு.

"பாட்டு எங்க ஆத்தா சொல்லிக் குடுத்தது. உங்க அப்பாயி. அதுக்கு எழுத எடம் இருக்கா?"

இருக்கு அத்தைன்னேன். பாரம்பரியம்னு போடுற கட்டத்துக்குப் பக்கத்துல யார்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுன்னு எழுத எங்கயாவது இடம் இல்லாமலா போகும்? வீடியோவுக்கு கீழ முதல் வரில போட்டுறேன்.

"அஞ்சாவது யாரு அத்தை?"

"கடைசில நின்னவ, செவத்த புள்ள, அந்த வருஷம்தான் வாக்கப்பட்டு வந்தா. எல்லாரும் புதுப்பொண்ணு புதுப்பொண்ணுன்னே கூப்புட்டோம், பேரு வாயில வரல பாரு. நாளைக்கு களையெடுக்க வருவா, கேட்டு சொல்றேன், நீ அந்த எடத்த காலியா வையி."

வச்சிருக்கேன். ரயில் ஏறியாச்சு, கல்யாண் தாண்டுது.